வடிகட்டிப் பக்கம் நிற்கப் போகும் பிள்ளைகளுக்கு

பழச்சாறு ஆலைகளில் மெம்பரேன் (சவ்வு வடிகட்டி) யூனிட்டுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாரும் முதலில் போய் நிற்கிற இடம் ஒன்றுதான்: அழுத்தம் காட்டும் கேஜுக்கு முன்னால். வடிந்து வருகிற சாறு குறைந்தால் வால்வைத் திருகுகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான், கூட நின்று சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. ஜெலட்டினும் பெண்டோனைட்டும் கலந்து ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு, காலையில் டயாட்டம் மண் பூசிய ஃபில்டரில் வடித்த காலத்திலிருந்து இந்த வேலையைப் பார்த்து வருகிறவன் நான். அந்த மண் தூசி நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பது தெரிந்திருந்தும் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு மூட்டை பிரித்தவர்களோடு வேலை செய்திருக்கிறேன். அதனால் சவ்வு வடிகட்டி வந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் அதற்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதைப் புரிந்துகொண்டவர்களுக்கு மட்டுமே அது ஒழுங்காக உழைக்கும்.

1. பழத்திலிருந்து தொடங்குங்கள். சவ்வின் துளைக்கு அளவு தெரியும், நல்லது கெட்டது தெரியாது. சுக்ரோஸின் மூலக்கூறு எடை 342 டால்டன், குளுக்கோஸ் 180, சிட்ரிக் அமிலம் 192. சாறு தெளிவாக்க நாம் போடுகிற அல்ட்ராஃபில்ட்ரேஷன் சவ்வுகள் பெரும்பாலும் 20,000 முதல் 1,00,000 டால்டன் வரையிலான அளவுக்கு மேற்பட்டதைத் தடுக்கிறவை. இனிப்பும் புளிப்பும் தடையில்லாமல் அந்தப் பக்கம் போய்விடும், நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் அழுகிய ஆப்பிளில் பூஞ்சை உண்டாக்கும் பாட்டுலின் என்ற நச்சுப்பொருள் வெறும் 154 டால்டன். சர்க்கரை போகிற வழியிலேயே அதுவும் போகும். ஒரு கிலோ ஆப்பிள் சாற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் பாட்டுலின் இருக்கக் கூடாது என்கிறது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதி. கண்ணுக்குப் பளிச்சென்று தெளிந்து, அந்த விதியை மீறிய சாறு வருவது நடக்கக் கூடியதுதான். கரைந்து நிற்கிற பூச்சிமருந்து எச்சத்துக்கும் இதே கதை. ஆகவே காலையில் யூனிட்டைத் தொடுவதற்கு முன், பெல்ட்டில் பழம் பொறுக்கும் அம்மாக்களிடம் போய் இன்றைக்கு எவ்வளவு அழுகல் எடுத்தீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில் எந்த மீட்டரிலும் வராது.

2. கலங்கலுக்கு ஒரே காரணம் கிடையாது. ஆப்பிளில் பெக்டின்தான் முதல் வில்லன், சீசன் தொடக்கத்தில் வரும் காய்ப்பதமான பழத்தில் அதோடு ஸ்டார்ச்சும் சேரும். நன்றாகக் கனிந்து தளர்ந்த பழத்தில் ஸ்டார்ச் போயிருக்கும், கரைந்த பெக்டின் கூடியிருக்கும். சாத்துக்குடியில் பெக்டினும் நுண்ணிய சதைத் துகளும். முந்திரிப்பழத்தில் டானின். கரும்புச் சாற்றில் மெழுகு, ஸ்டார்ச், பிசின்கள், போதாக்குறைக்கு வெட்டி நாளான கரும்பாக இருந்தால் பாக்டீரியா உண்டாக்கிய டெக்ஸ்ட்ரானும். திராட்சையில் வேறொரு சங்கதி: டார்ட்ரேட் உப்பு சாற்றில் கரைந்தே இருப்பதால் சவ்வைத் தாண்டிப் போய், பிறகு குளிரில் படிகமாக அடியில் உட்காரும். அதற்குக் குளிரவைத்துப் படியவிடுகிற தனி வேலை உண்டு, சவ்வைத் திட்டிப் பயனில்லை. இன்று தொட்டியில் இருப்பது எந்தக் கலங்கல் என்று தெரியாமல் பம்ப்பைப் போடாதீர்கள்.

3. என்சைம் வேலையை ஆய்வகத்தின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்காதீர்கள். நீண்டு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வடிகட்டியில் வருகிற தொல்லைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

பெக்டின் என்பது நீளமான சங்கிலி. உடையாத பெக்டினோடு சாறு சவ்வுக்கு வந்தால் அதன் முகத்தில் வழுவழுவென்று ஒரு கூழ்ப்படலம் படியும். அதன்பின் வடிகட்டுவது அந்தப் படலம்தான், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சவ்வு கிடையாது. பெக்டினேஸ் என்ற என்சைமைப் போட்டு அந்தச் சங்கிலியைத் துண்டாக்கினால் சாற்றின் பிசுபிசுப்பு இறங்கும், துகள்கள் ஒன்றுசேர்ந்து கீழே இறங்கும், மிச்சமிருக்கிற சிறு துண்டுகள் சாற்றோடு போய்விடும். வழக்கமாக 45 முதல் 50 டிகிரி, ஒரு மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம். அவசரப்பட்டு 60-ஐத் தாண்டிச் சூடேற்றினால் என்சைமே செத்துப்போகும். என்சைம் கேனை வெயில் படுகிற ஸ்டோரில் வைத்திருக்கும் ஆலைகளும் இருக்கின்றன. டோஸைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து என்சைம் சரியில்லை என்று சொல்வார்கள். அதன் இடம் குளிர்பெட்டி.

வேலை முடிந்ததா என்று கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆல்கஹால் சோதனை செய்யுங்கள். வடிதாளில் வடித்த சாறு 5 மில்லி, ஒரு சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்த எத்தனால் 10 மில்லி, சோதனைக் குழாயில் மெல்லத் தலைகீழாக்கிக் கலந்து கால் மணி நேரம் வையுங்கள். பெக்டின் மிச்சமிருந்தால் குழாய்க்குள் வெண்மையான திரிகளோ, குமிழிகளைப் பிடித்துக்கொண்டு மேலே மிதக்கிற கூழோ தெரியும். கொஞ்சமே இருந்தால் திரி கிடையாது, லேசான மங்கல் மட்டும், அதற்குப் பின்னால் கறுப்புத் தாள் பிடித்தால்தான் கண்ணில் படும். எதுவுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் மட்டும் சாறைச் சவ்வுக்கு அனுப்புங்கள். எத்தனால் பக்கத்தில் தீ வேண்டாம்.

ஸ்டார்ச்சுக்கு அயோடின் சொட்டு. நீலம் வந்தால் இருக்கிறது. இதில் பலர் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. பச்சையாக இருக்கிற ஸ்டார்ச் மணியை, ஸ்டார்ச்சை உடைக்கும் என்சைமான அமைலேஸ் எளிதில் கடிக்காது. சாறை முதலில் 80 டிகிரிக்கு மேல் சூடாக்கி ஸ்டார்ச்சைக் கஞ்சியாக்கிவிட்டு, பிறகு 50-க்குக் குளிரவைத்து என்சைம் போட வேண்டும். இந்த வரிசை மாறினால் எவ்வளவு அமைலேஸ் ஊற்றினாலும் நீலம் போகாது.

4. சவ்வுக்கு முன்னால் ஒரு நல்ல சல்லடை போடுங்கள். பழத் தோல், விதைத் துணுக்கு, நார், என்சைமுக்குப் பின் இறங்கிய வண்டல் எல்லாம் அங்கேயே நிற்க வேண்டும். ஹாலோ ஃபைபர் வகைச் சவ்வின் உட்துளை ஒரு மில்லிமீட்டர் அளவுதான், ஸ்பைரல் வகையில் சாறு ஓடுகிற இடைவெளியும் ஏறத்தாழ அவ்வளவே. ஒரு விதைத் துணுக்கு போய்ச் செருகிக்கொண்டால் அதன் பின்னால் வருவதெல்லாம் அங்கேயே சேரும். சதை நிறைந்த சாறை நேராக ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் 12 முதல் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்ச் சவ்வு வேண்டும். இடம் அடைக்கும், கரண்ட் தின்னும், ஆனால் தாங்கும்.

5. அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், ஓட்டத்தைக் கூட்டுங்கள். இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மறந்தால்கூட நீங்கள் உருப்படுவீர்கள்.

துணியில் வடிகட்டும்போது சாறு துணிக்கு நேராக இறங்குகிறது, கசடு மேலே தங்குகிறது. சவ்வு வடிகட்டியில் சாறு சவ்வின் முகத்தை உரசிக்கொண்டு குறுக்காக ஓடுகிறது, ஓடும்போதே ஒரு சிறு பங்கு மட்டும் பக்கவாட்டில் வடிகிறது. வேகமாக ஓடும் வாய்க்காலில் வண்டல் தங்காது, ஓட்டம் தளர்ந்தால் படியும். இங்கும் அப்படித்தான். குழாய்ச் சவ்வுகளில் விநாடிக்கு 2 முதல் 5 மீட்டர் வேகம் வைப்பதற்குக் காரணம் இதுவே.

அழுத்தத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? தொடக்கத்தில் வடிவது கூடும், அதைப் பார்த்துத்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் கூட்டுகிற அழுத்தமெல்லாம் கூழ்ப்படலத்தைத் தடிப்பாக்கி இறுக்குவதற்கே செலவாகும். வடியும் அளவு அப்படியே நிற்கும், பிறகு இறங்கும். இறுகிய படலம் அழுத்தத்தைக் குறைத்தாலும் இளகாது, மாலைக் கழுவலுக்கும் எளிதில் மசியாது.

கணக்கும் கற்றுக்கொள்ளுங்கள். உள்ளே நுழையும் இடத்தில் 3.0 பார், வெளியேறும் இடத்தில் 1.4, வடிந்த சாற்றின் பக்கம் 0.2 என்று வையுங்கள். முதல் இரண்டின் சராசரி 2.2, அதிலிருந்து 0.2 போனால் 2.0 பார். சவ்வின் மீது உண்மையில் இருக்கிற அழுத்தம் அது. நுழைவாயில் கேஜை மட்டும் பார்த்து 3 பாரில் ஓடுகிறது என்று எழுதினால் அந்த லாக் புக்கால் யாருக்கும் பயனில்லை. நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் நாளுக்கு நாள் விரிந்துகொண்டே போனால், உள்ளே எங்கோ வழி அடைபடுகிறது என்று பொருள்.

தொடங்கும்போது வடிநீர் வால்வை மூடி வைத்து, முதலில் சாறு சுற்றி ஓடட்டும். ஓட்டம் நிலைத்த பிறகு அந்த வால்வை நிதானமாகத் திறவுங்கள். முதல் பத்து நிமிடத்தில் காட்டும் இந்தப் பொறுமை அன்றைய ஷிஃப்ட் முழுக்கக் கூட வரும்.

6. அரை மணிக்கு ஒரு தடவை எழுதுங்கள். மூன்று அழுத்தங்கள், வெப்பநிலை, வடியும் அளவு, கரைந்த சர்க்கரையைக் காட்டும் பிரிக்ஸ். வெப்பநிலையை விட்டுவிட்டால் மற்ற எண்கள் எல்லாம் ஊமையாகிவிடும். சாறு சூடானால் இளகும், வடிவதும் கூடும். நேற்று 52 டிகிரியில் ஓடியதையும் இன்று 44-ல் ஓடுவதையும் ஒப்பிட்டு, சவ்வு கெட்டுவிட்டது என்று கூப்பாடு போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பாலிமர் சவ்வுக்கு எவ்வளவு சூடு தாங்கும் என்று தயாரித்தவர் கொடுத்த தாளில் இருக்கும், அதை மீறாதீர்கள். 50-ஐ ஒட்டி ஓட்டுங்கள், இல்லாவிட்டால் நன்றாகக் குளிரவைத்து ஓட்டுங்கள். நடுவில் 25, 35 டிகிரியில் சாறைச் சுற்றவிட்டால் ஈஸ்டுக்கு நாமே விருந்து வைத்ததாகும்.

7. முதலில் வடிவதைத் தொட்டிக்கு அனுப்பாதீர்கள். குழாயில் தங்கிய கழுவுநீர் அதில் கலந்திருக்கும். சர்க்கரை சவ்வைத் தாண்டுவதால் உள்ளே போகிற சாற்றின் பிரிக்ஸும் வடிகிற சாற்றின் பிரிக்ஸும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ரிஃப்ராக்டோமீட்டரில் இரண்டும் சேருகிறவரை திருப்பி விடுங்கள்.

தெளிவைப் பார்க்க டர்பிடிட்டி மீட்டர் இருக்கிறது, நன்றாக ஓடும் யூனிட்டில் 1 என்.டி.யு.வுக்குக் கீழேதான் காட்டும். அதோடு ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சவ்வு பொருத்திய ஒவ்வொரு ஹவுசிங்கிலிருந்தும் தனித்தனியாகக் கண்ணாடிக் குவளையில் பிடித்து, இருட்டான மூலையில் டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் அடியுங்கள். சரியான சாற்றில் ஒளிக்கற்றை போகிற தடம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. ஏதோ ஒரு குவளையில் மட்டும் ஒளி கோடாகத் தெரிந்தால் அந்த ஹவுசிங்கில் ஓட்டை. சவ்வு கிழிந்திருக்கும் என்று பதறுவதற்கு முன் ஓ-ரிங்கைக் கழற்றிப் பாருங்கள், பல நேரம் குற்றவாளி அந்த ரப்பர் வளையம்தான்.

வடிந்த சாற்றில் கிருமி இல்லை என்று சொல்லிக்கொண்டு பாஸ்சரைஸ் செய்வதைக் கைவிடுகிறவர்களோடு சேராதீர்கள். சவ்வைத் தாண்டிய பிறகு இருக்கிற குழாயும் தொட்டியும் பாட்டிலும் சவ்வின் பொறுப்பில் இல்லை.

8. கடைசிச் சொட்டுக்கு ஆசைப்படும்போது கணக்குப் பாருங்கள். சாறு வடிய வடியத் தொட்டியில் நிற்பது கெட்டியாகும், வடிவது குறையும், பம்ப் திணறும். அப்போது தண்ணீர் சேர்த்துக் கழுவி மிச்சச் சர்க்கரையை எடுக்கலாம். பழைய முறையில் வண்டலோடு போன சாறையும் இப்படி மீட்டு, 95 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடிகிறது, இந்தத் தொழில்நுட்பம் ஆலைகளுக்குள் நுழைந்ததற்குப் பெரிய காரணமே அதுதான். ஆனால் சேர்த்த தண்ணீரைப் பிறகு எவாப்பரேட்டரில் ஓட்டித்தான் ஆக வேண்டும், நீராவிக்கு விலை உண்டு. பாட்டிலில் நேராக அடைக்கிற சாறு என்றால் இந்தத் தண்ணீர்க் கழுவலை அதில் கலக்கவே கூடாது. அது வாங்குகிறவரை ஏமாற்றுவது.

9. கழுவுவதை ஷிஃப்ட்டின் கடைசி வேலையாக நினைக்காதீர்கள், நாளைய சாறுக்கு அதுதான் முதல் வேலை. பாலிமர் சவ்வில் வேலை செய்கிற தோல் ஒரு மைக்ரான் தடிமன்கூட இருக்காது, அடியில் இருப்பது துளைகள் நிறைந்த தாங்கும் அடுக்கு. 1960-ஐ ஒட்டி லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் கடல்நீரைக் குடிநீராக்குவதற்காக இப்படி ஒரு சவ்வைச் செய்து காட்டியதால்தான் இவ்வளவு வேகமாக வடிகிற சவ்வு உலகத்துக்குக் கிடைத்தது. அந்த மெல்லிய தோல் உங்கள் கையில் இருக்கிறது.

சாறை முழுக்கத் தள்ளிவிட்டு வெதுவெதுப்பான மென்நீரால் அலசுங்கள். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பும் இரும்பும் இருக்கும், அதை அப்படியே விட்டால் பழக்கசடுக்கு மேல் உப்புக்கசடும் ஏறும். பிறகு சவ்வு தாங்கும் என்றால் 0.5 முதல் 1 சதவீதக் காஸ்டிக், 50 டிகிரிக்குள், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். ஓட்டம் வேகமாக, அழுத்தம் குறைவாக. முதல் சில நிமிடம் வடிநீர் வால்வு மூடியே இருக்கட்டும், இளகிய அழுக்கு துளைக்குள் போகாமல் வெளியேறும். செல்லுலோஸ் அசிடேட் சவ்வுக்குக் காஸ்டிக் ஆகவே ஆகாது. செராமிக் சவ்வு காரம், அமிலம் இரண்டையும் தாங்கும், ஆனால் சூடாக இருக்கிற செராமிக்கில் திடீரென்று பச்சைத் தண்ணீரை விட்டால் விரிசல் விடும்.

குளோரின் போடச் சொல்லித் தயாரித்தவர் எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள், அதுவும் காரக் கரைசலில்தான். குளோரின் இருக்கும் குழாயில் அமிலம் போகவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் வருவது ஆளைக் கொல்லும் வாயு. நடுவில் தண்ணீர் விட்டு அலசி, பி.எச். பார்த்து, பிறகுதான் அமிலக் கழுவல். கண்ணாடி, கையுறை இல்லாமல் இந்த வேலைக்கு யாரையும் அனுப்பாதீர்கள், மேலாளர் அவசரப்படுத்தினாலும்.

கழுவி முடித்தபின் சுத்தமான தண்ணீரை ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் ஓட்டி எவ்வளவு வடிகிறது என்று அளந்து எழுதுங்கள். புதுச் சவ்வில் முதல் நாள் அளந்த எண் கையில் இருந்தால்தான் இதற்கு அர்த்தம். பாலிமர் சவ்வைக் காயவிடாதீர்கள். சீசன் முடிந்து மூடும்போது சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் நனைத்தே வைக்க வேண்டும்.

10. இன்றைய தெளிவை நம்பி லேபிள் ஒட்டாதீர்கள். சவ்வைத் தாண்டிப் போன சிறிய பாலிஃபீனால்கள் பாட்டிலுக்குள் ஒன்றோடொன்று சேர்ந்து, சில வாரங்களில் மங்கலாகத் திரளும். சாம்பிளை ஒரு தடவை சூடாக்கி, ஒரு தடவை 4 டிகிரியில் வைத்துப் பார்த்தால் வரப்போகிற மங்கல் முன்கூட்டியே ஓரளவு தெரியும்.

முந்திரிப்பழத்தில் இது பெரிய தலைவலி. பண்ருட்டிப் பக்கம் கொட்டையை எடுத்துவிட்டுத் தோப்பிலேயே விட்டுவிடுகிற பழத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறாது. பிரேசிலின் வடகிழக்கில் அதே பழத்தின் சாற்றை ஜெலட்டினால் தெளியவைத்து, பாட்டிலோடு சூடாக்கி, பொன்னிறமான கஜுயினா என்ற பானமாகக் குடிக்கிறார்கள். நம் நாட்டில் ஜவ்வரிசிக் கஞ்சி விட்டு டானினைப் படியவைக்கிறார்கள். தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பு சவ்வால் மட்டும் போகாது, இப்படி ஏதாவது செய்தே ஆக வேண்டும். ஆனால் ஜெலட்டினோ கஞ்சியோ அளவுக்கு மேல் போய் மிச்சம் நின்றால் அதுவே சவ்வை அடைக்கும். படியவிட்டு, மேல்தெளிவை மட்டும் இறுத்து, ஸ்டார்ச் இருக்கிறதா என்று பார்த்து, பிறகு சவ்வுக்கு அனுப்புங்கள்.

11. எல்லாச் சாறையும் தெளிவாக்கத் தேவையில்லை. மாதுளை, திராட்சையின் சிவப்பு தண்ணீரில் கரைகிற நிறம், பெரும்பாலும் சவ்வைத் தாண்டி வரும். மாம்பழத்தின் மஞ்சளும் தர்பூசணியின் சிவப்பும் சதைத் துகளோடு ஒட்டியவை, சவ்வுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். மாம்பழச் சாறைத் தெளிவாக்கித் தரச் சொல்லி யாராவது கேட்டால், என்ன கேட்கிறீர்கள் என்று தெரிந்துதான் கேட்கிறீர்களா என்று மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள். இளநீர் இதற்கு நேர் எதிர். அதில் தெளியவைக்க அதிகம் கிடையாது, ஆனால் சூடாக்கினால் சுவை போய்விடும். மைக்ரோஃபில்ட்ரேஷனில் குளிர்ந்த நிலையிலேயே கிருமியைத் தடுத்து அடைக்கிற முறைக்கு 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு காப்புரிமை பெற்றது. இந்தத் தொழிலில் வருகிற இளைஞர்கள் மனம் வைக்க வேண்டிய இடம் இளநீர் என்பது என் எண்ணம்.

12. சவ்வு வாங்கும் நாள் வந்தால், விற்க வருகிறவர் காட்டும் வரைபடத்தை வாங்கி ஓரமாக வையுங்கள். அது அவருடைய சாறு, அவருடைய நாடு, பல நேரம் அவருடைய வெறும் தண்ணீர். சிறிய சோதனை யூனிட்டைக் கொண்டுவரச் சொல்லி, உங்கள் பழத்தை உங்கள் தண்ணீரில் கழுவி, உங்கள் ஆட்களை வைத்து ஓட்டச் சொல்லுங்கள். முதல் மணி நேரம் எல்லாச் சவ்வும் நன்றாகத்தான் ஓடும். மூன்றாவது, நான்காவது கழுவலுக்குப் பிறகு தண்ணீர் எவ்வளவு வடிகிறது என்ற எண்ணைக் கேளுங்கள். சீசன் தொடக்கத்துக் காய்ப்பழத்தில் ஒரு முறை, கடைசியில் வரும் தளர்ந்த பழத்தில் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும், இரண்டும் சவ்வுக்கு இரண்டு வேறு சாறுகள். அவ்வளவு காத்திருக்க முடியாது என்கிறவரோடு விலை பேச உட்காராதீர்கள்.